எல்லைப்புறத் தமிழரின் பெண்மகவுப் பெயரீடு: பாலக்காடு, இடுக்கி வட்டாரங்களை முன்வைத்து

முன்னுரை

பெயரன், பெயர்த்தி என்னும் உறவுச் சொற்கள் பெயர் என்பதன் அடியாகப் பிறந்தவை. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. மலையாளத்தாரும் இவ்வுறவைப் பேரக்குட்டி என்றே வழங்குவர். குழந்தைக்கு இடும் பெயர் ஒரு குடும்பத்தின் நினைவைத் தலைமுறை கடத்தும் கருவி என்னும் கருத்து இவ்விரு மொழிகளுக்கும் பொதுவானது. ஆயின் ஒரு மொழியில் பிறந்த பெயர் வேறொரு மொழியின் எழுத்தில் பதிவாகும் இடத்தில் இக்கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பது தனியே ஆராயத்தக்கது. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டை ஒட்டிய பகுதிகளில் வாழும் தமிழர், பிறந்த பெண்மகவுக்குப் பெயர் தெரிவு செய்யும்போது எதிர்கொள்ளும் மொழியியல் சிக்கல்களை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956 நவம்பர் முதல் நாளன்று கொச்சி அரசின் கீழ் இருந்த சித்தூரும், திருவிதாங்கூரின் கீழ் இருந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும், சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தின் பாலக்காடும் கேரளத்தின் பகுதிகளாயின. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகத்தோடு இணைந்தன. தேவிகுளம், பீர்மேடு குறித்து அந்நாளில் எழுந்த போராட்டங்கள் வரலாற்று நூல்களில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. அவற்றுள் பேசப்படாத ஒன்று, அன்றிலிருந்து அப்பகுதிகளில் பிறந்த தமிழ்க் குழந்தையின் பெயர் பெரும்பாலும் மலையாள எழுத்திலேயே முதன்முதலில் எழுதப்படுகின்றது என்பதாகும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர்.

இரு நிலம், இரு பெயர்மரபு

எல்லைப்புறத் தமிழர் என ஒரே சொல்லால் சுட்டினும் பாலக்காட்டு எல்லையும் இடுக்கி எல்லையும் பெயரீட்டில் வேறுபட்ட இரு நிலங்கள். வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் எனச் செல்லும் பாலக்காட்டு எல்லை கொங்கு நாட்டின் தொடர்ச்சியாகும். இங்கு முதிய தலைமுறைப் பெண்களின் பெயர்களில் ஆத்தாள் என்னும் ஈறு பெருவழக்கு: கருப்பாத்தாள், வள்ளியாத்தாள், முத்தாத்தாள், பொன்னாத்தாள். பழனியம்மாள், மாரியம்மாள், காளியம்மாள் முதலியன பொதுத்தமிழ்ப் பெயர்களாயினும், பழனி முருகனின் அணுக்கம் காரணமாகப் பழனியம்மாள் இங்கு மிகுதியாக வழங்குகின்றது.

இடுக்கியின் நிலை வேறு. மறையூர், காந்தளூர் முதலிய அஞ்சுநாட்டு ஊர்களும் வட்டவடையும் தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்பே தமிழ்க்குடிகள் வாழ்ந்த இடங்கள். மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு ஆகியவற்றின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் வழியாக வந்தவர்களுள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் மாவட்டத்தார் மிகுதி. உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை ஏலக்காடுகளுக்குப் போடி, கம்பம் பகுதியினர் மலையேறினர். ஆகவே பேச்சியம்மாள், இசக்கியம்மாள், வேலம்மாள், ஒச்சம்மாள், மூக்கம்மாள், சின்னக்காள் முதலிய பெயர்களை இங்குக் காணலாம். பேச்சியும் இசக்கியும் தென்பாண்டி நாட்டுத் தெய்வங்கள். ஒச்சம்மாள் என்பது உசிலம்பட்டி வட்டாரத்து ஒச்சாண்டம்மன் பெயரால் இடப்படுவது. குலதெய்வத்தை ஊரில் விட்டு மலையேறியவர்க்கு அத்தெய்வத்தை அன்றாடம் அழைக்கும் வழியாக மகளின் பெயர் அமைந்தது எனல் மிகையன்று. வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவின் பெயரால் அமைந்த ஆரோக்கியமேரி என்பதும் தோட்டப்புறக் கத்தோலிக்கரிடையே இதே பணியைச் செய்கின்றது.

இப்பெயர்கள் அனைத்தும் போற்றத்தக்கன என்று கொள்ளுதற்கில்லை. முன் பிறந்தவை இறந்துபட, பின் பிறந்த குழந்தையைக் குப்பையில் புரட்டிக் குப்பம்மாள் என்றும், மூக்குக் குத்தி மூக்கம்மாள் என்றும் பெயரிட்டமை அச்சத்தில் பிறந்த காப்பு. பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்த வீட்டில் இடப்பட்ட போதும்பொண்ணு என்னும் பெயரோ மகளிடமே அவள் வேண்டப்படாமையைச் சொல்லிக்கொண்டிருப்பது. மரபுப் பெயர் கைவிடப்படுவதை மொழியிழப்பு என வருந்துவோர் இத்தகைய பெயர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பின்வந்த திராவிட இயக்கமும் பரப்பிய கயல்விழி, தேன்மொழி, மலர்விழி, தமிழ்ச்செல்வி, கனிமொழி, பூங்கோதை முதலிய பெயர்கள் எல்லைப்புறக் குடும்பங்களில் இடம்பெற்றமைக்கு அவற்றின் இனிமையோடு, பழைய பெயர்களின் சாதி அடையாளத்திலிருந்தும் இழிவிலிருந்தும் விடுபடும் விழைவும் காரணமாகும்.

பெயர் சூட்டும் நாளும் பதியும் நாளும்

கேரளத்தில் குழந்தை பிறந்த இருபத்தெட்டாம் நாள் அரையில் கயிறு கட்டி, ஒரு காதை வெற்றிலையால் மூடி மறுகாதில் பெயரை மும்முறை ஓதும் வழக்கம் பரவலானது. தமிழரிடையே பதினொன்றாம் நாள், பதினாறாம் நாள், முப்பதாம் நாள் எனச் சாதிக்கும் ஊருக்கும் ஏற்ப நாள் மாறும். எல்லைப்புறக் குடும்பங்கள் சில இருபத்தெட்டையும் ஏற்றுக்கொண்டுள்ளன. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள் பிறப்பை 21 நாள்களுக்குள் தெரிவிக்கக் கோருகின்றன. எனவே இருபத்தெட்டாம் நாள் பெயர் சூட்டுவோர் அதற்கு முன்னரே பிறப்பைப் பதிய வேண்டியவராகின்றனர். சட்டத்தின் 14ஆம் பிரிவு இதற்கு வழிசெய்கின்றது. பெயரின்றிப் பிறப்பைப் பதிந்துவிட்டு 12 திங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுவரை காலத்தாழ்வுக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம்.

இவ்விடைவெளியைப் பெற்றோர் பலர் பயன்கொள்வதில்லை. மருத்துவமனைப் படிவத்தை நிரப்பும் வேளையில் வாயில் வந்த பெயரை வாய்மொழியாகச் சொல்லிவிடுகின்றனர். கேட்டவர் தம் செவிக்குப் பட்டவாறு எழுதிக்கொள்கின்றார். 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபின் இதன் விளைவு பெரிதாகிவிட்டது. அந்நாள் முதல் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஆதார் முதலியவற்றிற்குப் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழேயாகும். முன்பு பள்ளியில் சேர்க்கும் நாளில் தலைமையாசிரியர் திருத்தி எழுதிக்கொண்ட பெயர் இனி அவ்வாறு எளிதில் திருந்தாது.

பிறப்பு நிகழ்ந்த இடத்திலேயே பதியப்பட வேண்டும் என்பதும் சட்டம். தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. கொழிஞ்சாம்பாறைப் பெண்ணின் தாய்வீடு பொள்ளாச்சியாக இருப்பின் மூத்த மகளின் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும், பாலக்காட்டில் பிறந்த இளையவளின் சான்றிதழ் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அமையும். ஒரே வீட்டில் உடன்பிறந்தார் இருவர் பெயர் இருவேறு எழுத்தில் வாழத் தொடங்குகின்றன.

எழுத்து மாற்றத்தில் நிற்பனவும் சிதைவனவும்

தமிழ்ப் பெயர் மலையாள எழுத்தில் கெட்டுவிடும், வடமொழிப் பெயரே இரு மொழிக்கும் பொதுவாக நிற்கும் என்பது எல்லைப்புறத்தில் பரவலாக உள்ள எண்ணம். ஒலிநிலையில் நோக்கின் உண்மை இதற்கு ஏறக்குறைய நேர்மாறானது.

ழகரத்தை முதலில் நோக்கலாம். அதனை எழுத்திலும் கற்றோர் ஒலிப்பிலும் காத்துவரும் பெருமொழிகள் தமிழும் மலையாளமுமே. யாழினி, எழில், தேன்மொழி, கயல்விழி என்பன கன்னட எழுத்திற்கோ தேவநாகரிக்கோ செல்லின் ழகரத்தை இழந்து நிற்கும். தமிழ்நாட்டிலேயே ரோமன் எழுத்தில் எழுதும்போது ழகரத்தை லகரம்போல் எழுதிவிடுவோர் பலர். மலையாளத்திலோ அப்பெயர் ஓர் எழுத்தும் பிறழாது நிற்கும். இரட்டை றகரமும், ளகர லகர வேறுபாடும், ணகர னகர வேறுபாடும் அவ்வாறே. வள்ளி என்னும் பெயரை மலையாளத்தில் பிழையாக எழுதுதல் அரிது. அப்பெயர் ரோமன் எழுத்தில் சென்று, கணிப்பொறியால் மீண்டும் இந்திய எழுத்திற்கு மாற்றப்படும்போதுதான் வல்லியாகத் திரும்புகின்றது.

தமிழ்ச் சொற்கள் அதிர்வொலி வல்லினத்தை முதலில் கொள்வதில்லை என்பது மற்றொரு வாய்ப்பு. கயல், தாமரை, பொன்னி என்பவற்றின் முதலெழுத்தை மலையாளத்தார் எழுத ஒரே வழிதான் உண்டு. வடமொழிப் பெயர்களோ இவ்வாறல்ல. தனலட்சுமி, பானுமதி, புவனேஸ்வரி, தாரணி என்று நாம் தமிழில் எழுதுவனவற்றின் முதலெழுத்து மலையாளத்தில் நான்கு வல்லினங்களுள் ஒன்றாக இருத்தல் கூடும். தமிழ் எழுத்தைப் பார்த்து எழுதுபவர் முதல் வல்லினத்தை எழுதுவார். நம் ஒலிப்பைக் கேட்டு எழுதுபவர் மூன்றாம் வல்லினத்தை எழுதுவார். வடமொழி மரபு அறிந்தவர் நான்காம் வல்லினத்தை எழுதுவார். ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர். பொதுப்பெயர் எனப் பெற்றோர் நம்பித் தெரிந்தது இவ்வகையில் மிகுதியும் சிதைகின்றது.

தனித்தமிழ்ப் பெயர்களிலும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது மொழிமுதற் சகரம். செல்வி என்பதன் முதலொலியை இன்று நாம் பெரும்பாலும் ஸகரத்தை ஒட்டியே ஒலிக்கின்றோம். மலையாளத்தில் இதற்கு வல்லின சகரம், ஸகரம், சிவன் என்னும் பெயருக்கு அவர்கள் எழுதும் மெல்லிய சகரம் என மூன்று எழுத்துகள் போட்டியிடுகின்றன. தமிழ்ச்செல்வி என ஒற்று மிகுத்து எழுதினால் இரட்டைச் சகரம் வல்லினமாகவே ஒலிக்கும், ஐயத்திற்கு இடமில்லை. தமிழ் செல்வி எனப் பிரித்து எழுதினால் பழைய குழப்பம் திரும்பும். சந்தி இலக்கணம் தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியது என எண்ணுவோர்க்கு இஃது ஒரு நல்ல விடை.

இரண்டாவது ஐகார ஈறு. தமிழில் ஐகாரத்தில் முடியும் சொற்கள் மலையாளத்தில் அகரத்தில் முடிவது இரு மொழிகளுக்கும் இடையிலான ஒழுங்கான வேறுபாடு: மலை – மல, தலை – தல, மழை – மழ. அதனால் முல்லை முல்ல ஆகின்றாள். தாமரை தாமர ஆகின்றாள். மங்கை மங்க ஆகின்றாள். இது பிழையன்று, மலையாளத்தார் அச்சொல்லைத் தம் சொல்லாக அடையாளம் கண்டு தம் மொழியியல்புப்படி எழுதுகின்றனர். ஆயினும் பெயர் என்பது பொதுச்சொல்லன்று. அதன் உரிமை உடையவரைச் சாரும்.

ஐகாரத்தை மலையாள எழுத்தில் காத்தல் இயலும் என்பதற்கு மூணாற்றிலேயே சான்று உண்டு. 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாமே நடத்திய போராட்டம் பெம்பிளை ஒருமை என்னும் பெயரால் அறியப்பட்டது. பெம்பிளை என்பது பெண்பிள்ளை என்பதன் பேச்சுவடிவம். ஒருமை என்னும் சொல் தமிழில் பன்மைக்கு எதிர்ச்சொல். ஒன்றுபட்டு நிற்றலை நாம் ஒற்றுமை என்போம். மலையாளத்தில் ஒரும என்பதே ஒற்றுமை. அப்பெண்கள் மலையாளச் சொல்லின் பொருளைக் கொண்டு அதற்குத் தமிழ் ஈற்றைக் கொடுத்தனர். மலையாள நாளிதழ்களும் அப்பெயரை இரு ஐகாரங்களோடும் அச்சிட்டன. ஓர் இயக்கத்தின் பெயருக்கு இயன்றது ஒரு குழந்தையின் பெயருக்கும் இயலும்.

வெல்ஷ் மொழியார் நிலை

பெரிய மொழி ஒன்றின் எழுத்து வழக்கிற்கு அருகில் தம் மொழியில் பெண்குழந்தைக்குப் பெயரிடுவோர் உலகில் வேறு பலரும் உளர். ஆங்கிலத்தை அடுத்து வாழும் வேல்ஸ் நாட்டு மக்கள் நமக்கு நல்ல ஒப்பீடாவர். 1911இல் அந்நாட்டு மக்களுள் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் வெல்ஷ் மொழி பேசினர். 2021 கணக்கெடுப்பில் அது 17.8 விழுக்காடாகக் குறைந்தது. பேசுவோர் குறைந்த இக்காலத்திலும் வெல்ஷ் பெயரிடும் வழக்கம் குன்றவில்லை. வீட்டில் அம்மொழி பேசாத பெற்றோரும் மகளுக்கு வெல்ஷ் பெயர் தேடுகின்றனர். விண்மீன் எனப் பொருள்படும் செரென், பனி எனப் பொருள்படும் எய்ரா, அன்பு செய்தல் என்னும் வினையடியாகப் பிறந்த கரிஸ் ஆகியவை நம் வெண்ணிலா, மலர், அன்புச்செல்வி போன்று இயற்கையையும் பண்பையும் சுட்டும் எளிய சொற்களால் அமைந்தவை. ரியானன், பிரான்வென் ஆகியன மாபினோகி என்னும் இடைக்காலக் கதைத்தொகுதியிலிருந்து வந்தவை, கண்ணகியும் மாதவியும் நமக்குச் சிலம்பிலிருந்து வந்தாற்போல.

அவர்கள் இடர்ப்பாடும் எழுத்தில்தான் உள்ளது. எழுத்து ஆங்கிலத்தார்க்கும் அவர்கட்கும் ஒன்றே, ஒலி வேறு. ஆங்கிலத்தில் சில இடங்களில் ககரமாகவும் சில இடங்களில் ஸகரமாகவும் ஒலிக்கும் ரோமன் எழுத்து வெல்ஷ் மொழியில் எங்கும் ககரமே. எனவே கெரிஸ் என்னும் பெண்ணை அம்மொழி அறியாதார் ஸெரிஸ் என அழைத்துவிடுவர். நம் செல்வியின் நிலையும் இதுவன்றோ! ஈற்றில் வரும் பால் வேறுபாடும் எல்லை கடந்தால் மறைகின்றது. வெல்ஷில் வென் என்பது பெண்பால் ஈறு, வின் என்பது ஆண்பால் ஈறு. ஆங்கிலம் பேசும் நாடுகளில் பிரான்வின் என ஆண்பால் ஈற்றோடு பெண்களுக்குப் பெயரிடுகின்றனர்.

தலைப்பெழுத்தைப் பற்றியும் இங்குக் கூறுதல் பொருந்தும். பழைய வெல்ஷ் மரபில் குடும்பப் பெயர் இல்லை. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் எனத் தந்தை பெயரைச் சேர்த்தலே முறை. 1536, 1543ஆம் ஆண்டுச் சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்தபின் ஆங்கில ஆட்சிமுறையின் அழுத்தத்தால் அவ்வழக்கம் படிப்படியாக மறைந்து நிலையான குடும்பப் பெயர்கள் தோன்றின. ரிஸ் என்பவரின் மகன் எனப் பொருள்தரும் ஆப் ரிஸ் என்பது பிரைஸ் எனச் சுருங்கிக் குடும்பப் பெயராயிற்று. மகள் எனச் சுட்டும் சொல்லோ குடும்பப் பெயர்களுள் இடம்பெறாமலே போயிற்று. தமிழரின் தலைப்பெழுத்தும் தந்தை பெயரே. கேரளத்தில் வீட்டுப்பெயர் முதலிடம் பெறும். பாலக்காட்டு அக்கிரகாரத்தார் ஊர்ப்பெயரையும் தந்தை பெயரையும் சேர்த்து எழுதி இரண்டிற்கும் இடைநின்றனர். தேர்தல் ஆணையராக விளங்கிய டி. என். சேஷனின் முதல் எழுத்து பாலக்காட்டுத் திருநெல்லாயியையும் இரண்டாவது தந்தை நாராயணரையும் குறிப்பன. தோட்டத்து லயத்தில் பிறந்த குழந்தைக்கோ வீட்டுப்பெயர் ஏது? லயம் நிறுவனத்தின் உடைமை. பணி ஓய்வு பெற்றால் அதனைவிட்டு நீங்க வேண்டும். படிவத்தில் வீட்டுப்பெயர் எனும் கட்டத்தில் எஸ்டேட்டின் பெயரையும் டிவிஷனின் பெயரையும் எழுதுதல் அன்றி அவர்க்கு வேறு வழியில்லை.

பொருள் மாறும் பெயர்கள்

ஒலி நின்றாலும் பொருள் நிற்கும் என்பதற்கில்லை. இன மொழிகள் இரண்டு அண்டை வாழும்போது ஒரே சொல் இரு பொருள் தருதல் இயல்பு. மதி என்பது தமிழில் நிலவையும் அறிவையும் குறிக்கும். மலையாளச் செய்யுள் வழக்கிலும் அப்பொருள்கள் உண்டெனினும் அன்றாடப் பேச்சில் மதி என்றால் போதும் என்பதே பொருள். மகளுக்கு நிலவின் பெயரை இட்டவர், அண்டை வீட்டார் செவியில் அது போதும்பொண்ணு என்பதன் மொழிபெயர்ப்பாக ஒலிக்கக்கூடும் என்பதை அறிந்திருத்தல் நன்று. கலைமதி, வளர்மதி எனத் தொகையாக்கினால் இவ்விடர் பெரும்பாலும் நீங்கும். கயல் என்பது முதல் நீண்டால் உப்பங்கழியாகும். கயல்விழி என விரித்தால் ஐயம் குறையும்.

இழப்போடு ஆக்கமும் உண்டு. கனி நமக்குப் பழம். மலையாளத்தார்க்குப் பழத்தோடு விஷுநாள் விடியலில் காணும் மங்கலக் காட்சியும் அதுவே. கனிமொழி எல்லை கடந்தபின் ஒரு மங்கலத்தைக் கூடுதலாகப் பெறுகின்றாள். கொங்கு நாட்டில் பெண்களுக்கு இடப்படும் பாப்பாத்தி என்னும் பெயர் மலையாள வட்டார வழக்குகள் சிலவற்றில் வண்ணத்துப்பூச்சியைக் குறிக்கும். கொங்கு நாட்டார் சிறுமியரை அன்போடு விளிக்கும் அம்மிணி கேரளத்தில் இயற்பெயராகவே வழங்குகின்றது. தங்கம், தங்கமணி என்பன எம்மொழிக்கு உரியன என்று கேட்டால் விடை கூற இயலாது.

கோதை என்னும் பெயரின் வரலாறு வியப்பிற்குரியது. தமிழ்நாட்டில் அஃது ஆண்டாளின் பெயர். பெண்பாலன்றி வேறு எண்ணம் எழாது. சங்ககாலச் சேரருள்ளோ கோதை ஆண்மகனின் பெயர். புறநானூறு குட்டுவன் கோதையையும் கோக்கோதை மார்பனையும் அறிமுகப்படுத்துகின்றது. கரூரில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் மாக்கோதை, குட்டுவன் கோதை என்னும் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இம்மரபு கேரள அரச குடும்பங்களில் கோதவர்மா எனப் பிற்காலத்தும் தொடர்ந்தது. ஆகவே பூங்கோதை என்னும் பெண்பெயர் கேரள எல்லைக்குள் செல்லும்போது தன் பழைய வீட்டிற்கே, ஆனால் பால் மாறிச் செல்கின்றது எனலாம்.

பால் பற்றி இலக்கண நிலையில் ஒன்று கூறவேண்டும். தொல்காப்பியர் இயற்பெயரை விரவுப்பெயருள் அடக்கினார். இருதிணைக்கும் பொதுவாய் நிற்கும் அதன் திணையை முடிக்கும் சொல்லே தெளிவாக்கும். சாத்தி வந்தாள், சாத்தி வந்தது என உரையாசிரியர்கள் காட்டுவர். பால் ஈறில்லாப் பெயர்களுக்கும் இவ்வுதவி உண்டு. மலர், எழில், கயல் என்பவற்றில் பெண்பால் ஈறு இல்லையெனினும் மலர் வந்தாள் என்ற அளவில் ஐயம் நீங்குகின்றது. மலையாள வினைமுற்று திணை பால் காட்டுவதில்லை. அவன், அவள், அது மூன்றற்கும் வந்நு என ஒரே வடிவம். அங்குப் பெயரே தன் பாலைத் தான் காட்டியாக வேண்டும். மலர், எழில் என நின்ற பெயர்களைவிட மலர்க்கொடி, எழிலரசி போன்ற நீண்ட பெயர்கள் எல்லைப்புறத்திற்குப் பொருத்தமாதல் இக்காரணத்தாலேயாம்.

இன்றைய தெரிவு

பாண்டி என்னும் பழம்பெரும் நாட்டுப்பெயர் மலையாள நாட்டில் தமிழரைச் சுட்டும் இகழ்ச்சொல்லாக வழங்குவதை எல்லைத் தமிழர் நன்கு அறிவர். 2017ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புவரை மலையாளம் கட்டாய பாடம். வகுப்பறையில் பெயர் அழைக்கப்படும்போதே தன் மகள் வேற்றாளாகத் தெரிதல் வேண்டா எனப் பெற்றோர் கருதுவதில் குற்றம் காண இயலாது. தமிழரசி என்றோ பேச்சியம்மாள் என்றோ பெயர் கொண்டு மலையாளச் சூழலில் வளர்வது எளிதன்று. அதனால் இருமொழிக்கும் அயலான, பொருள் தெரியாத, அகரத்தில் முடியும் புதுப்பெயர்கள் பெருகுகின்றன. இது மொழிப்பற்றின் குறைவு என்பதைவிடத் தற்காப்பு என்பதே பொருந்தும். ஆயினும் மேலே கண்டவாறு, தற்காப்பிற்கு வேறு வழியும் உண்டு. தேன்மொழி, வள்ளி, பொன்னி, நிலா, கனிமொழி, மலர்விழி, கண்ணகி போன்றவை மலையாளச் செவிக்கு அயலாக ஒலிப்பனவல்ல. பெரும்பாலானவற்றின் பொருள் மலையாளிக்கும் உடனே விளங்கும். சிலம்பு சேர நாட்டில் எழுந்த காப்பியம். இடுக்கி எல்லையில் குமுளியை அடுத்த மங்கலதேவி கண்ணகி கோயிலில் சித்திரை முழுநிலா நாளன்று இரு மாநிலத்தாரும் ஒருங்கே வழிபடுகின்றனர். இத்தகைய பெயரைத் தாங்கும் பெண் இரு பக்கத்திலும் தன் வீட்டில் இருப்பவளே.

பெற்றோர் கவனிக்கத் தக்கது பெரும்பாலும் செயல்முறை சார்ந்தது. பெயரை முடிவு செய்தபின் அதன் தமிழ் வடிவையும், மலையாள வடிவையும், ரோமன் வடிவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுதல் வேண்டும். மலையாள வடிவை அம்மொழி அறிந்த தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டுதல் நலம். எல்லைப்புறத் தமிழ்வழிப் பள்ளிகளில் இத்தகையோர் உளர். வேல்ஸ் நாட்டில் பிறப்பை ஆங்கிலத்தில் மட்டுமோ ஆங்கிலம், வெல்ஷ் ஆகிய இரண்டிலுமோ பதிந்துகொள்ளலாம். மொழிச் சிறுபான்மையினர் வாழும் கேரள ஊராட்சிகளில் சான்றிதழில் மலையாளத்தின் அருகே தமிழ் வடிவிற்கும் ஒரு வரி ஒதுக்கப்படின் மூன்று எழுத்துச் சிக்கலின் பெரும்பகுதி தீரும். அத்தகைய ஏற்பாடு வரும்வரை மகளின் பெயரை வாயால் சொல்லாமல் எழுதியே கொடுக்க வேண்டும். முல்லைக்கும் தாமரைக்கும் ஈற்றில் மலையாள ஐகாரக் குறியைத் தந்தையோ தாயோ தம் கையால் இட்டுக் கொடுத்தால், பதிவு செய்பவர் அதனைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்ள இயலும்.